பரிசுத் தொகை இருக்கிறது, பஸ் காசு எங்கே?

ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறோம்.

எங்கள் மாலை நேரப் படிப்பு மையத்தில் அட்டை கிழிந்த ஒரு நீள நோட்டு இருக்கிறது. சாக்பீஸ், பிஸ்கட், ஜெராக்ஸ், பல்பு என்று எல்லாச் செலவும் அதில்தான் ஏறும். சென்ற ஆண்டின் ஒரு பக்கத்தில் 'மாவட்டப் பேச்சுப் போட்டி' என்று தலைப்பு. அதன் கீழே: மொபசல் பஸ், ஆளுக்கு 45 வீதம் மூன்று பேர், போக வர 270. காலை டிபன் 150. மதியச் சாப்பாடு 210. பஸ் ஸ்டாண்டிலிருந்து போட்டி நடக்கும் இடத்துக்கு ஆட்டோ, போக வர 100. மொத்தம் 730. பிறகு அந்த 730 அடிக்கப்பட்டு, பக்கத்தில் 520 என்று எழுதப்பட்டிருக்கிறது.

மூன்று பேர் என்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவரும் கூடப் போகும் தமிழ் டீச்சரும். பிள்ளைகள் இருவரும் ஆதிதிராவிடர் நலப் பள்ளி மாணவிகள். ஒருத்தியின் அம்மா கரும்பு வெட்டப் போகிறவர். இன்னொருத்தியின் அப்பா அம்மா ஆண்டில் பாதி நாள் செங்கல் சூளையில் இருப்பார்கள், அவள் ஆயாவோடு இருப்பாள். போட்டிக்கு இரண்டு நாள் முன்புதான் பள்ளிக்குச் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. ஊரிலிருந்து தாலுகா டவுன் வரை டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை, 2021-லிருந்து அந்த ஒரு நிம்மதி. அங்கிருந்து மாவட்டத் தலைநகருக்கு மொபசல் பஸ். அதில் விடியல் பயணம் செல்லாது, பள்ளிக்கூட பஸ் பாஸும் செல்லாது. பாஸ் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும்தான். எங்கள் பிள்ளை போக வேண்டிய ஆகத் தொலைவான இடம் அவள் பள்ளிக்கூடம்தான் என்று அரசு முடிவு செய்துவிட்டது போல.

பள்ளியில் கேட்டோம். இந்தச் செலவுக்கென்று எந்தத் தலைப்பிலும் பணம் இல்லை என்றார்கள். அது பொய்யும் இல்லை. கூடப் போக முன்வந்த டீச்சர் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக எடுக்கப்பட்ட தற்காலிக ஆசிரியர், மாதம் 15,000 ரூபாய் தொகுப்பூதியம். அவரிடம் என்ன கேட்பது? எங்கள் டப்பாவில் 500 ரூபாய் இருந்தது. மாதக் கடைசி. யாரிடம் வாங்கலாம் என்று மையத்துத் திண்ணையில் நாங்கள் பேசிக்கொண்டிருந்ததை அந்தச் சூளை வீட்டுப் பிள்ளை கேட்டுவிட்டது. சிறிது நேரம் கழித்து வந்து, "அவளயே கூட்டிக்கினு போங்கக்கா, எனக்கு நாளைக்குத் தலவலி" என்றது.

நாளைக்கு வரப்போகும் தலைவலி! நாங்கள் அதை நம்பவில்லை. ஆனால் ஏற்றுக்கொண்டோம். கொஞ்சம் நிம்மதியோடுகூட ஏற்றுக்கொண்டோம் என்பதையும் எழுதிவிட வேண்டும். 730, 520 ஆயிற்று. டீச்சர் 20 ரூபாய் போட்டார். அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்தப் பிள்ளை மையத்துப் பக்கம் வரவில்லை. இருவரில் நன்றாகப் பேசக்கூடியவள் அவள்தான்.

"நீங்களே 210 ரூபாய் போட்டிருக்கலாமே" என்று கேட்பீர்கள். போட்டிருக்கலாம். அதற்கு முந்தைய மாதம் போட்டோம், அதற்கு முந்தைய மாதமும் போட்டோம். கடன் வாங்கியாவது போட்டிருக்க வேண்டும், போடாதது எங்கள் தவறு. ஆனால் தோழர்களே, ஒரு மாநிலத்தின் கல்வி ஏற்பாடு நாலு சமூகப் பணியாளர்களின் சட்டைப் பையை நம்பி இருக்கிறது என்றால் முதலில் கேள்வி கேட்கப்பட வேண்டியது அந்தச் சட்டைப் பைதானா? மேடையில் மைக் பிடித்துப் பேசும் அத்தனை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பின்னாலும் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்த ஓர் ஆசிரியர் நிற்கிறார். அவரைப் பாராட்டி நாளிதழில் அரைப் பக்கம் எழுதுவார்கள். அந்தப் பாராட்டைப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்குக் கோபம்தான் வருகிறது. அவர் செய்தது அரசின் வேலை. அரசு செய்யாத வேலையைச் செய்தவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டால், செய்யாதவர் தப்பித்துக்கொள்கிறார்.

730 ரூபாய் பெரிய தொகையா என்று கேட்பவர்களுக்கு இன்னொரு எண். 2025-26-க்குத் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். கைக்கு வருவது பல இடங்களில் அதைவிடக் குறைவு. அறிவிக்கப்பட்டது முழுதாக வந்தாலும் 730 என்பது இரண்டு நாள் கூலிக்கு மேல். டீச்சர் வரவில்லை, அம்மாதான் கூடப் போக வேண்டும் என்றால் அன்றைய கூலியும் போயிற்று. பிள்ளை ஏழு நிமிடம் பேசுவதற்கு ஒரு குடும்பம் மூன்று நாள் உழைப்பைக் கொடுக்க வேண்டும். இதைத்தான் 'ஆர்வமின்மை' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 'ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலிருந்து பங்கேற்பு குறைவு, மாணவர்களிடம் ஆர்வம் இல்லை' என்று ஒரு கூட்டத்தில் எங்கள் காதுபடவே ஒருவர் சொன்னார்.

இனி, போன பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்போம். விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி, பத்து மணிக்குப் பெயர் கொடுத்து, அவள் முறை வந்தபோது மதியம் இரண்டரை. சாப்பிடப் போனால் கூப்பிட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அவளும் சாப்பிடவில்லை, டீச்சரும் சாப்பிடவில்லை. அந்த 140 ரூபாய் பத்திரமாகத் திரும்பி வந்தது. தனியார் பள்ளிப் பிள்ளைகள் பள்ளி வேனில் வந்து, டிபன் கேரியரைப் பிரித்து, பேசி முடித்து, வேனிலேயே போய்விட்டார்கள். இவள் மேடைக்கு ஏறும்போது மைக்கில் பெயரோடு பள்ளியின் பெயரையும் முழுதாக அறிவித்தார்கள். ஆதிதிராவிடர் நல என்று தொடங்கும் பெயர். வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் யார் என்று அரங்கத்துக்குச் சொல்லியாயிற்று. நடுவர்கள் சாதி பார்த்து மதிப்பெண் போட்டார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை, அதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. ஆனால் பதினாலு வயதுப் பிள்ளைக்கு அந்த அறிவிப்பு என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். எங்களில் இரண்டு பேர் அப்படி அறிவிக்கப்பட்டு மேடை ஏறியவர்கள்தான். நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதி அடையாளங்களை நீக்கச் சொல்லி 2024-இல் அறிக்கை கொடுத்தது. பெயர்ப்பலகையை மாற்ற நாளாகும் என்றால் ஆகட்டும். போட்டியாளருக்குப் பள்ளிப் பெயருக்குப் பதில் ஓர் எண் கொடுக்க எவ்வளவு நாளாகும்? ஒரு ரூபாய் செலவில்லாத சீர்திருத்தம் இது.

செலவு பற்றிப் பேசுவோம். தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டி அரசு மாவட்டந்தோறும் பேச்சுப் போட்டி நடத்துகிறது. அம்பேத்கர், பெரியார், அண்ணா, கலைஞர், காந்தி, நேரு. முதல் பரிசு 5,000, இரண்டாவது 3,000, மூன்றாவது 2,000. இது தவிர அரசுப் பள்ளி மாணவர்கள் இருவருக்குச் சிறப்புப் பரிசு தலா 2,000. நல்ல விஷயம்தான், குறை சொல்ல ஆசையில்லை. ஆனால் அந்தச் சிறப்புப் பரிசைச் சற்று உற்றுப் பாருங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதல் மூன்று இடத்துக்குள் வருவது கடினம் என்று அரசுக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு என்ன செய்தார்கள்? வந்து சேர்ந்த பிள்ளைக்கு ஆறுதல் தொகை கொடுத்தார்கள். வந்து சேர முடியாத பிள்ளைக்கு? பரிசு போட்டிக்குப் பிறகு வருகிறது. கண்டக்டர் பஸ் ஏறியவுடனே காசு கேட்கிறார். 2,000 ரூபாயைப் பின்னால் கொடுக்க முடிந்த அரசுக்கு 365 ரூபாயை முன்னால் கொடுக்க முடியாதா? அந்த ஒரே சிறப்புப் பரிசுத் தொகையில் ஐந்து பிள்ளைகளை மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்தலாம்.

பள்ளிக்கு மானியம் வருகிறதே என்பார்கள். சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 101 முதல் 250 பேர் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000, ஆயிரம் பேர் வரை 75,000. இதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. மீதியில் கரண்ட் பில், குடிநீர், இணையம், உடைந்த பெஞ்சு, ஆய்வகச் சாமான், சாக்பீஸ். அதிலும் 2024-25-க்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம். ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. டெல்லியும் சென்னையும் மோதிக்கொண்ட அந்தச் சண்டையில் நாங்கள் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் மேலே இரண்டாயிரம் கோடி நிற்கும்போது கீழே முதலில் வெட்டப்படுவது எது? இலக்கிய மன்றம், வெளிப் போட்டி, நூலகத்துக்கு வரும் இதழ். பேச்சு எப்போதும் 'கூடுதல்' பட்டியலில்தான் இருக்கிறது. சத்துணவு இல்லையென்றால் கேள்வி வரும், பேச்சுப் போட்டிக்குப் போகவில்லை என்றால் யார் கேட்கப்போகிறார்கள்?

மாநில அரசும் கை கழுவ முடியாது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. அந்த விகிதத்துக்கு நிதி ஒதுக்கிச் செலவிட வேண்டும் என்று 2024-இல் வளர்ச்சிச் செயல் திட்டச் சட்டமே நிறைவேற்றியிருக்கிறார்கள். துணைத்திட்ட நிதியை எந்தெந்தத் தலைப்பில் கொண்டுபோய்க் கரைப்பது என்ற கலை அதிகாரிகளுக்குத் தெரியும், அதைப் பற்றி இந்தப் பக்கங்களில் பலமுறை எழுதியாயிற்று. 2025 ஜூலையில் விடுதிகள் அத்தனைக்கும் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் மாற்றினார்கள். வரவேற்றோம். பெயர் மாறிய விடுதி ஒன்றில், போட்டிக்குப் போன பிள்ளை இரவு எட்டு மணிக்குத் திரும்பியதற்கு விளக்கக் கடிதம் கேட்டார்கள். மொபசல் பஸ் எட்டு மணிக்குத்தான் வரும் என்பது அந்த விடுதியின் சமூகநீதிக்குத் தெரியவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 2022-லிருந்து நடக்கும் கலைத் திருவிழா இந்த விஷயத்தில் உருப்படியான ஏற்பாடு. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகிறது. முதல் இரண்டு படியும் பக்கத்திலேயே நடப்பதால் எங்கள் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் கலந்துகொண்டதைக் கண்ணால் பார்த்தோம். ஆர்வம் இல்லை என்ற பேச்சு அங்கேயே பொய்யாகிவிட்டது. போட்டியை ஐந்து கிலோமீட்டருக்குள் கொண்டுவந்தால் பிள்ளைகள் வருகிறார்கள், அறுபது கிலோமீட்டர் தள்ளி வைத்தால் வருவதில்லை. இதற்கு ஆய்வுக் குழு எதுவும் தேவையில்லை.

எம்.ஏ. சமூகவியலில் இதைப் 'பண்பாட்டு மூலதனம்' என்று பூர்தியுவின் பெயரில் படித்தோம். பத்து மதிப்பெண் கேள்வி. வீட்டில் நடக்கும் பேச்சு, வீட்டில் இருக்கும் புத்தகம், வீட்டுக்கு வந்து போகும் மனிதர்கள் எல்லாம் சொத்துப் போலவே தலைமுறைக்குக் கைமாறுகின்றன, பள்ளி அதைத் திறமை என்று பெயர் சொல்லிப் பரிசளிக்கிறது. நம் ஊர்ப் பேச்சுப் போட்டி இதற்கு அச்சான உதாரணம். பேசுவது பிள்ளை, எழுதுவது வேறு யாரோ. எதுகை மோனையோடு எழுதிக் கொடுக்கத் தமிழாசிரியர், கை எங்கே தூக்க வேண்டும், குரல் எங்கே உடைய வேண்டும் என்று பழக்கிவிட ஒரு பயிற்சி வகுப்பு, வீட்டில் கண்ணாடி முன் நிற்க வைத்து நேரம் பார்க்க ஓர் அப்பா. எங்கள் பிள்ளைக்கு வீட்டில் நின்று பேச இடமே கிடையாது. ஓர் அறை வீட்டில் தம்பி தூங்குகிறான்.

இது தமிழ்ப் பேச்சின் கதை. ஆங்கில 'டிபேட்' உலகம் வேறு கிரகம். அங்கே ஓர் அணிக்குப் பதிவுக் கட்டணமே ஆயிரங்களில். பல போட்டிகளில் அணியோடு ஒரு நடுவரையும் நீங்களே கூட்டி வர வேண்டும் என்பது விதி. நடுவர் என்றால் அந்த வடிவத்தில் பழகிய, ஆங்கிலம் பேசும் பட்டதாரி. சேரியில் எங்கே தேடுவது? அந்த அரங்கத்தில் சமூகநீதி பற்றி, இட ஒதுக்கீடு பற்றி அருமையாக வாதாடுகிறார்கள் என்று கேள்வி. யாரைப் பற்றி வாதாடுகிறார்களோ அவர்கள் மட்டும் அங்கே இல்லை.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் கதையைத் தெரிந்துகொள்வது நமக்குப் பயன்படும், ஏனென்றால் அங்கே கறுப்பின மக்கள் இதே சுவரில் முட்டி ஓரளவு வழி கண்டிருக்கிறார்கள். 1935-இல் டெக்சாஸ் மாநிலத்தின் வைலி கல்லூரி என்ற சிறு கறுப்பினக் கல்லூரியின் விவாத அணி, தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சாம்பியன் அணியைத் தோற்கடித்தது. பயிற்சியாளர் மெல்வின் டால்சன், கவிஞர். அணியில் இருந்த ஜேம்ஸ் ஃபார்மர் பின்னாளில் சிவில் உரிமைப் போராட்டத்தின் முக்கியத் தலைவர்களில் ஒருவரானார். ஆனால் தேசிய விவாதக் கழகம் அப்போது கறுப்பினக் கல்லூரிகளைச் சேர்த்துக்கொள்ளவில்லை, ஜெயித்தும் அந்த அணி சாம்பியன் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை. 2007-இல் இந்தக் கதையை டென்சல் வாஷிங்டன் படமாக எடுத்தார். படத்தில் எதிரணி ஹார்வர்டு. நிஜத்தில் தோற்ற பல்கலைக்கழகம் சினிமாவுக்குப் போதாது என்று நினைத்தார்களோ என்னவோ! அதே ஆண்டில் அந்தக் கல்லூரியின் விவாத அணியை மறுபடி உருவாக்க அவர் பத்து லட்சம் டாலர் கொடுத்தார். உலகத்தை அசைத்த ஓர் அணி பணம் பெறுவதற்கு ஒரு ஹாலிவுட் படம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பள்ளி மட்டத்தில் அங்கே நடப்பது இன்னும் நமக்கு நெருக்கம். கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் 1972 முதல் நடக்கும் 'டோர்னமென்ட் ஆஃப் சாம்பியன்ஸ்' போட்டிக்குத் தகுதி பெற, நாட்டின் பல மூலைகளில் நடக்கும் குறிப்பிட்ட போட்டிகளில் நன்றாக ஆடி 'பிட்' சேர்க்க வேண்டும். அதாவது விமானத்தில் பறந்து, ஓட்டலில் தங்கி, வார இறுதி வார இறுதியாகப் போட்டியிட முடிந்தவருக்குத்தான் வாய்ப்பு. கோடை விடுமுறையில் பல்கலைக்கழகங்கள் நடத்தும் விவாதப் பயிற்சி முகாம்களுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம். விதியில் இனம் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. தேவையே இல்லை, டிக்கெட் விலையே அந்த வேலையைச் செய்துவிடும்.

இதற்கு எதிராக 1985-இல் அட்லாண்டாவில், எமரி பல்கலைக்கழகத்தின் விவாத அணியினர் அரசுப் பள்ளிகளோடு சேர்ந்து தொடங்கியதுதான் நகர்ப்புற விவாத லீக். போட்டி ஊருக்குள்ளேயே நடக்கும், பயணம், சாப்பாடு, படிக்க வேண்டிய ஆதாரக் கட்டுகள் எல்லாம் லீகின் பொறுப்பு. 1997-இலிருந்து சோரோஸின் ஓப்பன் சொசைட்டி நிறுவனம் பணம் போட்டு நியூயார்க், சிகாகோ, பால்டிமோர் என்று பல நகரங்களில் இதைப் பரப்பியது. பலன் கண்ணுக்குத் தெரிகிறது. பாஸ்டன் லீகில் சேர்ந்த மாணவர்களின் பத்தாண்டுத் தரவை எடுத்து 2023-இல் வெளியான ஆய்வு, ஆங்கிலப் பாட மதிப்பெண்ணில் தெளிவான உயர்வைக் கண்டது. படிப்பில் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்கே அதிக ஆதாயம். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீனோ ஏழைக் குடும்பத்தினர்.

ஆனால் நமக்குப் பாடம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் பணம் விதைப் பணம். சில ஆண்டுகளில் குறைந்து நின்றுவிடும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். உள்ளூர்ப் பள்ளி நிர்வாகம் தன் பட்ஜெட்டில் இடம் ஒதுக்கிய நகரங்களில் லீக் நின்றது. நன்கொடையை மட்டும் நம்பியது தள்ளாடியது, சில இடங்களில் மறைந்தே போனது. சி.எஸ்.ஆர். பணம் வாங்கி 'தலைமைப் பண்புப் பயிற்சி' நடத்தலாம் என்று நம்மிடம் யோசனை சொல்ல வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறோம். நாங்களும் ஒருமுறை வாங்கினோம், மறைக்கவில்லை. முதல் ஆண்டு பிள்ளைகளுக்கு டி-சர்ட் வந்தது. இரண்டாம் ஆண்டு 'தாக்கத்தைக் காட்டும்' புகைப்படம் கேட்டார்கள், பின்னணியில் குடிசை தெரிய வேண்டும் என்றார்கள். மூன்றாம் ஆண்டு அவர்களுடைய முன்னுரிமை மரம் நடுவதற்கு மாறிவிட்டது.

திறமை இருந்தால் எங்கிருந்தாலும் வந்துவிடலாம் என்று பேசுகிறவர்கள் அடுத்து எடுப்பது அண்ணல் அம்பேத்கரின் பெயரைத்தான். அவர் வரவில்லையா? வந்தார். 1913-இல் கொலம்பியாவுக்குக் கப்பல் ஏறினார். பரோடா சமஸ்தானம் மாதம் பதினொன்றரைப் பவுண்டு வீதம் மூன்று ஆண்டுக்கு உதவித்தொகை கொடுத்தது. அந்தப் பணம் இல்லையென்றால் அந்த மூளை பம்பாயில் ஏதோ ஓர் அலுவலகத்தில் கோப்புத் தூக்கியிருக்கும். திறமைக்கு ஆதாரமாக நம்மிடம் காட்டப்படும் ஆகப்பெரிய உதாரணமே, பயணச் செலவை யாராவது கொடுத்தால்தான் திறமை கரை ஏறும் என்பதற்கான உதாரணம். அந்தப் பணத்தோடு வந்த நிபந்தனையும் நினைவிருக்கட்டும். படிப்பு முடித்துப் பரோடாவில் வேலை பார்க்க வேண்டும். 1917-இல் போனார். தங்க இடமில்லாமல் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து துரத்தினார்கள். மன்னரின் பெருந்தன்மை கப்பல் வரைக்கும் கொண்டுபோய்விட்டது, குடியிருக்க ஓர் அறை தர அதனால் முடியவில்லை. ஆகவேதான் நாம் கேட்பது பெருந்தன்மை அல்ல, பட்ஜெட்டில் ஒரு வரி.

நமக்குப் பேச்சு மரபு இல்லை என்றும் யாரும் சொல்ல வேண்டாம். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். விலையையே பெயராக வைத்தார், யாருக்கு எட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணலோடு சீனிவாசனும் உட்கார்ந்து வாதாடினார். எதிர்க் கேள்வி கேட்பதும் ஆதாரத்தோடு மறுப்பதும் நம் முன்னோர் தொடங்கிவைத்த வேலை. இன்று நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பதோ மனப்பாடம். நாமும் அதற்கு உடந்தை. ஏப்ரல் 14 அன்று ஒரு சின்னப் பிள்ளைக்கு நீல கோட்டும் கண்ணாடியும் போட்டு, எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்க வைத்துக் கைதட்டுகிறோம். அந்தப் பிள்ளை பதினைந்து வயதில் எழுந்து, "தோழர், நீங்க சொன்னதுல ஒரு தப்பு இருக்கு" என்றால் எத்தனை பேருக்குப் பிடிக்கும்?

அதே நாளில் தெருமுனையில் வைக்கும் டிஜிட்டல் பேனர், சட்டத்தோடு சேர்த்து 1,500 ரூபாயைத் தொடும். எங்கள் ஒன்றியத்தில் சென்ற ஏப்ரலில் நாற்பதுக்கு மேல் எண்ணினோம். அண்ணல் படம் கொஞ்சம், நம் தோழர்களின் படம் நிறைய. எங்கள் நோட்டுக் கணக்குப்படி ஒரு பேனர் என்பது இரண்டு போட்டிப் பயணம். பேனரே வைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஊர்த் தெருவில் நம் படம் நிற்பதற்கு இருக்கும் அர்த்தம் எங்களுக்கும் தெரியும், கிழிக்கப்பட்ட பேனருக்காக நாங்களும் சாலையில் உட்கார்ந்திருக்கிறோம். நாற்பதில் பத்தைக் குறைத்து அந்தக் காசை ஒரு டப்பாவில் போட முடியுமா என்று கேட்கிறோம். இதை எழுதியதற்குத் திட்டு வரும், வரட்டும்.

பேச்சு ஏன் இவ்வளவு முக்கியம் என்று இளைய தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். சோறு, நிலம், வேலை இருக்கையில் பேச்சுப் போட்டியா என்று. 1997-இல் மேலவளவில் முருகேசன் வெட்டிக் கொல்லப்பட்டது எதற்காக? தனித்தொகுதியில் நின்று ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததற்காக. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவராக இருந்த நம் பெண் ஒருவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த படத்தை நாடே பார்த்தது. சட்டம் நாற்காலியைக் கொடுக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, 'இது விதிப்படி தப்பு' என்று எதிரே இருப்பவர் கண்ணைப் பார்த்துச் சொல்வதை யார் கற்றுத் தருவது? ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. எங்கள் பகுதிக் கிராம சபைகளில் நம் தெரு ஆட்கள் பின்வரிசையில் நின்றுவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதைப் பார்க்கிறோம். பதினாலு வயதில் அந்நியர் நிறைந்த அரங்கில் ஏழு நிமிடம் பேசிப் பழகிய பெண், முப்பது வயதில் அந்தப் பின்வரிசையில் நிற்க மாட்டாள். இதைத் தெரிந்தவர்களுக்கு 210 ரூபாய் ஏன் கிடைக்கவில்லை என்பதும் புரியும்.

செய்ய வேண்டியதற்கு வருவோம். போட்டி அறிவிக்கும் துறை எதுவானாலும், அரசுப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளிலிருந்து வரும் மாணவருக்கும் உடன் வரும் ஆசிரியருக்கும் பயணப்படியைத் தலைமையாசிரியர் கையில் முன்பணமாகக் கொடுக்க வேண்டும். பில் கொடுத்துப் பிறகு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வேண்டாம், அதை நம்பி யாரும் பஸ் ஏற மாட்டார்கள். கூடப் போகும் ஆசிரியருக்கு அன்று பணி நாள் என்று எழுத்தில் இருக்க வேண்டும். முதல் சுற்று ஒன்றியத்தில் நடக்கட்டும். மதியம் அரங்கத்திலேயே சோறு போடட்டும். பள்ளிப் பெயருக்குப் பதில் எண். தயவுசெய்து ஒப்பித்தலைக் குறைத்து, எதிரணி சொன்னதற்குப் பதில் சொல்லும் விவாதத்தைச் சேருங்கள், அங்கே எழுதிக் கொடுப்பவர் ஜெயிக்க முடியாது.

இதற்கு முதலில் நம் கையில் எண்கள் வேண்டும். எந்த மாவட்டத்தில் எத்தனை பிள்ளைகள் போட்டிக்கு வந்தார்கள், எந்தப் பள்ளியிலிருந்து வந்தார்கள் என்ற கணக்கை யாரும் வெளியிடுவதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ், பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கும் ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்கும் தனித்தனியாக மனுப் போடுங்கள். கேள்விகள் நாலு போதும். கடந்த மூன்று கல்வியாண்டில் மாவட்ட அளவில் நடந்த பேச்சு, கட்டுரை, விவாதப் போட்டிகள் எவை? ஒவ்வொன்றிலும் பங்கேற்ற ஆதிதிராவிடர் நலப் பள்ளி மாணவர் எத்தனை பேர், மொத்தப் பங்கேற்பாளர் எத்தனை பேர்? அவர்களின் பயணச் செலவு எந்தத் தலைப்பிலிருந்து, எவ்வளவு வழங்கப்பட்டது? வழங்கப்படவில்லை என்றால் அதற்கான அரசாணையின் நகல். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. கல்லூரித் தோழர்கள் மாவட்டத்துக்கு ஒருவர் என்று பொறுப்பெடுத்தால், அடுத்த பட்ஜெட்டுக்கு முன்பே மாநிலம் முழுக்கக் கணக்கு கையில் இருக்கும்.

நாங்கள் எங்கள் மாவட்டத்துக்குப் போட்டுவிட்டோம். மனுவை வாசித்துப் பார்த்து, இரண்டாவது கேள்வியில் 'மொத்தப் பங்கேற்பாளர்' என்பது விட்டுப்போயிருந்ததைச் சொன்னது, தலைவலி என்று போகாமல் நின்ற அந்தப் பிள்ளைதான். இப்போது பத்தாம் வகுப்பு. அடுத்த போட்டிக்கு அவளுக்கான பணத்தைப் போன மாதமே தனியாக எடுத்து வைத்துவிட்டோம். தேதி மட்டும் இன்னும் வரவில்லை.